இலை உதிரும் மாதத்துக்குச் சில பேய் வீடுகள்



மூன்று வாரமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று பலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். குளிர்தான் படுத்துகிறது. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மங்கி குல்லா. பேரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான்.

போன வாரம் இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் போன் செய்தான். 1991-ல் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். "சார், இங்க அக்டோபர் வந்துட்டா எல்லாரும் பேய்ப்படம், பேய்க்கதைன்னு உட்கார்ந்துடறாங்க. என் பொண்ணும் கேக்கறா. கோதிக் கதைங்கறாங்களே, அதுல எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்? கொஞ்சம் ஹிஸ்டரியோட சொல்லுங்க சார்" என்றான். வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இவன் கேட்டது சுருக்கென்று தைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் மச்சான், "எழுபது வயசுல பேய்க்கதையா?" என்று கமெண்ட் போடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது வரலாற்றுப் பாடம்தான். வருகைப் பதிவு உண்டு.

முதலில் பருவம். நமக்கு இலையுதிர் காலம் என்பது பாடப்புத்தகத்துப் படம். பழந்தமிழர் பிரித்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நம் ஊரில் அது அடைமழைக் காலம். இங்கே அப்படியில்லை. மரம் ஒரு வாரத்தில் மஞ்சளாகி, அடுத்த வாரம் செம்பாகி, ஒரு காற்றில் மொட்டையாகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டுப் பேரன் வந்து பால் குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. மின்சாரம் இல்லாத நாளில் இந்த இருட்டு என்னவாக இருந்திருக்கும்! அறுவடை முடிந்துவிட்டது, வெளியே வேலை இல்லை, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் கதைதான். கிறிஸ்தவ நாட்காட்டியிலும் நவம்பர் 1 புனிதர்களுக்கு, நவம்பர் 2 இறந்த எல்லோருக்கும். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். தூத்துக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிப் பழகியவர்கள். நம் மகாளய அமாவாசையும் இதற்குக் கொஞ்சம் முன்னால் வருவது தற்செயலாக இருக்கலாம். எனக்கென்னவோ அது பிடித்திருக்கிறது.

சரி, கோதிக் என்றால்? கோத்துகள் என்பவர்கள் ஜெர்மானியக் குலத்தார். 410-ல் அலாரிக் தலைமையில் ரோமாபுரியைச் சூறையாடினார்களே, அவர்கள்தான். (ஒன்பதாம் வகுப்பு, ரோமப் பேரரசின் வீழ்ச்சி. ஐந்து மதிப்பெண் வினா.) ஆயிரம் வருடம் கழித்து இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்கள், தங்களுக்குப் பிடிக்காத இடைக்காலக் கூர்வளைவுக் கட்டடங்களை 'கோத்துகள் கட்டியது போல் இருக்கிறது' என்று திட்டினார்கள். கட்டியவர்களுக்கும் கோத்துகளுக்கும் சம்பந்தமே கிடையாது. நாட்டுப்புறத்தான், பட்டிக்காட்டான் என்பது போல ஒரு வசவு. அந்த வசவு பின்னால் ஒரு ரசனையின் பெயராக மாறியது.

மாற்றியவர் ஹொரேஸ் வால்போல். இங்கிலாந்தின் முதல் பிரதமர் என்று நாம் படித்த ராபர்ட் வால்போலின் மகன். லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற தன் வீட்டைக் கோட்டை போலவும் மாதாகோவில் போலவும் மாற்றிக் கட்டினார். கல் வேலைப்பாடு போலத் தெரிவதில் பாதி காகிதக்கூழ்! 1764-ல் ஒரு நாள், படிக்கட்டுக் கைப்பிடியின் மேல் இரும்புக் கவசம் அணிந்த பெரிய கை ஒன்று இருப்பதாகக் கனவு கண்டார். உடனே எழுத உட்கார்ந்து முடித்ததுதான் 'ஒட்ராண்டோ கோட்டை'. அதைத் தன் பெயரில் வெளியிட அவருக்குத் தைரியம் இல்லை. 1529-ல் நேப்பிள்ஸில் அச்சான பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று கதை கட்டினார். புத்தகம் ஓடியதும், இரண்டாம் பதிப்பில் நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்று அட்டையில் சேர்த்தார். போலி வீடு, போலிப் பழைய நூல். கோதிக் இலக்கியம் இப்படித்தான் பிறந்தது.

இதைப் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் சில பக்கங்களிலேயே வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அதற்குப் பின் வந்த ஆன் ராட்கிளிஃப் அம்மையாரின் 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' (1794) நல்ல கதை. ஆனால் மலை, காடு, மறுபடி மலை என்று வர்ணனை நீளும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். அந்த நாவலைப் படித்துப் படித்துத் தலைசுற்றிப் போன ஒரு பெண்ணைக் கேலி செய்து ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்தாங்கர் அபே' சிறியது, சுகமானது. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் அதில் தொடங்கலாம்.

ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் ஏன் ஒரு இடிந்த மடம் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எழுதியவர்களின் கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால் ஊருக்கு ஊர் ஒன்று நிற்கிறது. கூரை இல்லாமல், ஜன்னல் கண்ணாடி இல்லாமல், நடுவில் புல் முளைத்து. எட்டாம் ஹென்றி! 1536-லிருந்து 1540-க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த சுமார் 800 துறவி மடங்களை மூடினார். நிலத்தை விற்றார்கள், கூரை ஈயத்தை உருக்கினார்கள், கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். நான் முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் இதை 'ஹென்றியின் சமயச் சீர்திருத்தம்' என்று ஒரு வரியில் சொல்லி, ஆறு மனைவிகளின் கதைக்குத் தாவிவிடுவேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மடங்களை நம்பிக் கஞ்சி குடித்த ஏழைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. இருநூறு வருடம் கழித்து அந்த இடிபாடுகளுக்குள் பேய் நடமாடுவதாகக் கதை எழுதினார்கள். அரசாங்கம் செய்த காரியத்தை ஊர் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது பாருங்கள்.

நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில் இன்னொன்று உண்டு.

1815 என்றால் நம் மாணவர்கள் தூக்கத்திலும் வாட்டர்லூ என்பார்கள். ஜூன் 18. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 10 அன்று, இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். சாம்பலும் கந்தக வாயுவும் மேல்வானத்தில் பரவி வெயிலை மறைக்க, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. பயிர் அழுகியது, ரொட்டி விலை ஏறியது, ஊர் ஊராகப் பிச்சைக்காரர்கள் அலைந்தார்கள். எதனால் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

அந்த 1816 ஜூனில், ஜெனீவா ஏரிக்கரையில் டியோடாட்டி மாளிகையில் ஐந்து பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். கவிஞர் பைரன், அவருடைய மருத்துவர் பாலிடோரி, கவிஞர் ஷெல்லி, மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர். வெளியே போக முடியாமல் ஜெர்மன் பேய்க்கதைகளைப் பிரெஞ்சில் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். இரண்டு பெருங்கவிஞர்களும் பாதியில் விட்டுவிட்டார்கள். பாலிடோரி ஒரு ரத்தக்காட்டேரிக் கதை எழுதினார். மூன்று வருடம் கழித்து அது பைரன் பெயரில் அச்சானது, பாவம். பதினெட்டு வயது மேரி எழுதியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818 ஜனவரி 1 அன்று வெளிவந்தது, 500 பிரதி, ஆசிரியர் பெயர் இல்லாமல்.

இதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய பகுதி இதுவரைதான். சொல்ல வேண்டிய பகுதி இனிமேல். மேரி பிறந்த பத்தாம் நாள் கடந்ததும் அவளுடைய தாய் இறந்துவிட்டாள். தாய் யார் தெரியுமா? பெண்ணுரிமைக்காக நூல் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். 1815 பிப்ரவரியில், அதாவது தம்போரா வெடிப்பதற்குச் சில வாரம் முன்பு, மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரத்தில் இறந்துபோனது. சில நாள் கழித்து மேரி தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தாள். குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது. அடுப்பருகே வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது என்று. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

செத்த உடலுக்கு உயிர் கொடுக்கும் ஒரு மாணவனின் கதையை அவள் ஏன் எழுதினாள் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

ஆகவே தம்பி, முதல் புத்தகம் அதுதான். சினிமாவில் கழுத்தில் ஆணி அடித்துக்கொண்டு உறுமும் முட்டாள் பூதத்தை மறந்துவிடு. 1931-ல் வந்த அந்தப் படமும் போரிஸ் கார்லாஃபும் தனிச் சிறப்புதான். ஆனால் புத்தகத்தில் உள்ளவன் பேசுவான், படிப்பான், தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்பான். நியாயம் அவன் பக்கம்தான் இருக்கிறது என்று பாதிப் புத்தகத்தில் தோன்றும். அப்போது கொஞ்சம் பயம் வரும்.

இரண்டாவது ஊர், ஹாவொர்த். லீட்ஸிலிருந்து பக்கம். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனாள். பிரான்டே சகோதரிகள் வாழ்ந்த பாதிரியார் வீடு. வாசலைத் திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம். அதற்கு மேலே மரமே இல்லாத பொட்டல் குன்று, பழுப்பு நிறப் புதர், ஓயாத காற்று. 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் செத்தவள் ஜன்னலைத் தட்டுகிறாளே, அது இங்கே கற்பனையாகத் தெரியவில்லை. 1850-ல் அரசு அனுப்பிய பாபேஜ் என்ற பொறியாளர் இந்த ஊர்ச் சுகாதாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். ஊரில் இறப்பவர்களின் சராசரி வயது 25.8. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 41 பேர் ஆறு வயதைத் தாண்டவில்லை. சாக்கடை கிடையாது, குடிநீர் கெட்டிருந்தது, கல்லறைத் தோட்டமோ நிரம்பி வழிந்தது. அறிக்கை கேட்டு விடாமல் மனுப் போட்டவர் அந்தப் பாதிரியார் பாட்ரிக் பிரான்டே. அறிக்கை வரும்போது அவருடைய ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் இல்லை. 'வதரிங் ஹைட்ஸ்' எழுதிய எமிலிக்கு முப்பது வயது. மிஞ்சியிருந்த சார்லட்டும் 1855-ல் போனாள். மனிதர் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின் 1861 வரை இருந்தார்.

அந்தச் சார்லட் எழுதிய 'ஜேன் அயர்' பற்றியும் ஒரு வார்த்தை. தங்கையின் நாவல் வந்த அதே 1847. பெரிய மாளிகை, இரவில் சிரிப்புச் சத்தம், மேல்மாடியில் பூட்டிவைத்த முதல் மனைவி. அவள் ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவள் கொண்டுவந்த பணம் எங்கிருந்து வந்தது? கரும்புத் தோட்டம் என்றாலே அடிமை உழைப்புதான். 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-ல் அந்தப் பூட்டிவைத்த பெண்ணின் பக்கம் நின்று 'வைட் சர்காசோ சீ' எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வரலாற்று ஆசிரியனாகச் சொல்கிறேன், கோதிக் கதைகளில் மாடி அறைக்கு எப்போதும் காது கொடுக்க வேண்டும்.

இனி விட்பி. தம்பியே காரில் கூட்டிப்போனான். அதற்கு முன் அந்த 1991-ஐச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பிரியடு. வியன்னா மாநாடு நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் பெஞ்சில் ஒருவன் குனிந்தே இருக்கிறான். போய்ப் பார்த்தால் மடியில் டிராகுலா, தமிழ்ச் சுருக்கம், வாடகை நூலகத்துப் பிரதி. பிடுங்கி, இரண்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டேன். "பேய்க்கதை படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்கு?" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்போது என்னைக் கண்டிப்பான வாத்தியார் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கும் அதில் பெருமை. அந்தக் கோடை விடுமுறையில்தான் அவன் அம்மா இறந்துபோயிருந்தார் என்பது எனக்கு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியார் எப்படி மாணவனிடம் போய்க் கேட்பது? அப்படித்தான் நினைத்தேன்.

குன்றுகளின் மேல் கார் போய்க்கொண்டிருந்தபோது, "தம்பி, அந்தப் புத்தகம்…" என்று ஆரம்பித்தேன். அவன் சாலையைப் பார்த்தபடியே சிரித்தான். "குப்பைக் கூடையிலேருந்து எடுத்துட்டேன் சார். கஞ்சிப் பசை போட்டு ஒட்டினேன். நூலகக்காரர் பன்னிரண்டு ரூபா கேட்டாரு. மார்கழி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கட்டினேன்" என்றான். கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே சொன்னான். "பயத்துக்காகப் படிக்கல சார். அதுல செத்தவங்க திரும்பி வந்தாங்க. அதுக்காகப் படிச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னதாக ஞாபகம். அவன் ஹீட்டரைக் கூட்டிவைத்தான்.

விட்பி ஒரு மீன்பிடித் துறைமுகம். குன்றின் மேல் மடத்தின் இடிபாடு; அதற்கு ஏற 199 படி. மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். இந்த மடம் 657-ல் ஹில்டா என்ற பெண் துறவி தலைமையில் தொடங்கியது. ஈஸ்டர் நாளை எப்படிக் கணிப்பது என்று 664-ல் இங்கேதான் முடிவு செய்தார்கள். இன்று நிற்கும் கட்டடம் பிற்காலத்தது. அதை மூடியது நம் எட்டாம் ஹென்றி, 1539-ல். மிச்சத்தில் கொஞ்சத்தை 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்டன.

1890 கோடையில் பிராம் ஸ்டோக்கர் என்ற லண்டன் நாடகக் கொட்டகை மேலாளர் இங்கே விடுமுறைக்கு வந்தார். மனதில் ஒரு ரத்தக்காட்டேரிக் கதை இருந்தது, சரியான பெயர் இல்லை. விட்பி நூலகத்தில் வலாக்கியா நாட்டைப் பற்றி 1820-ல் வந்த ஒரு நூலை எடுத்துப் புரட்டினார். அதில் டிராகுலா என்ற பெயரும், அந்த மொழியில் அதற்குச் சாத்தான் என்று பொருள் என்ற அடிக்குறிப்பும் இருந்தன. அடிக்குறிப்பைப் படியுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேனே, இப்போதாவது நம்புங்கள். அடுத்து, 1885 அக்டோபரில் ஒரு புயலில் நார்வா துறையைச் சேர்ந்த டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் இந்த மணலில் வந்து மோதியதைக் கேள்விப்பட்டார். நாவலில் அது வார்னாவிலிருந்து வரும் டிமீட்டர் ஆனது. எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், நார்வா, வார்னா! 1897-ல் புத்தகம் வந்தது. முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு என்றே போகும். மூல ஆவணங்களை வைத்து வரலாறு எழுதுவது எப்படி என்று பி.ஏ. மாணவர்களுக்குச் சொல்லித் தர அதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது. முதல் நான்கு அத்தியாயங்கள் அபாரம். நடுவில் ரத்தம் ஏற்றுவதும் பூண்டு கட்டுவதுமாகத் தொய்யும். விடாமல் படியுங்கள்.

கடைத்தெருவில் கறுப்பாக மின்னும் ஒரு கல்லில் செய்த நகைகள் விற்றார்கள். ஜெட் என்கிறார்கள், கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து இறுகிய மரம். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி கடைசி வரை கறுப்பே உடுத்தினார் அல்லவா? துக்கத்துக்கு அணிய ஏற்றது இந்த நகைதான் என்று நாடே வாங்கியது. இந்த ஊரே அந்தத் துக்கத்தில் பிழைத்தது.

அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் டிராகுலா ஒரு பிரதி வாங்கித் தம்பியிடம் கொடுத்தேன். வாங்கியவன் படக்கென்று பக்கங்களைப் புரட்டினான். "எல்லாப் பக்கமும் இருக்கான்னு பார்த்தேன் சார்" என்றான். இந்த முறை இருவரும் சிரித்தோம்.

படங்களுக்கு வருகிறேன். இரவு பத்தாகிவிட்டது, வேகமாகச் சொல்கிறேன்.

'நோஸ்ஃபெராட்டு', 1922, ஜெர்மனி, மௌனப்படம். இயக்குநர் முர்னவ். டிராகுலா கதையை உரிமை வாங்காமல் பெயரை மட்டும் மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. வழக்குப் போட்டு, 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பு வாங்கினார். ஆனால் பிரதிகள் அதற்குள் வேறு நாடுகளுக்குப் போயிருந்தன. அழித்தும் சாகாத படம். முதல் உலகப் போரிலும் விஷக்காய்ச்சலிலும் லட்சக்கணக்கானவர்களைப் புதைத்துவிட்டு வந்த நாடு எடுத்த படம் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். எலிகளும், தெருவில் வரிசையாகப் போகும் சவப்பெட்டிகளும் வேறு மாதிரி தெரியும். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்று எல்லோரும் சொல்வது இந்தப் படத்திலிருந்து வந்தது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். 2024-ல் ராபர்ட் எக்கர்ஸ் மறுபடி எடுத்திருக்கிறார். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' (1940) குடும்பத்தோடு பார்க்கலாம். பேயே கிடையாது. செத்துப்போன முதல் மனைவியின் பெயரும், சீப்பும், துணிமணியும், அவற்றைக் காக்கும் ஒரு வேலைக்காரியும் போதும். இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். என் சின்னத்தையைக் கேட்டால் இந்தப் படத்தை என்னைவிட நன்றாக விளக்குவார். 'தி இன்னசென்ட்ஸ்' (1961) கறுப்பு வெள்ளை. டெபோரா கெர் மெழுகுவத்தியோடு நடக்கும் காட்சியில் திரையின் ஓரங்களையே இருட்டாக்கியிருப்பார் ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ். தனியாகப் பார்க்காதீர்கள்.

வரலாறு பிடித்தவர்களுக்கு இரண்டு படம், இரண்டும் 2001. 'தி அதர்ஸ்' நடப்பது 1945-ல், ஜெர்சி தீவில். ஐந்து வருடம் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரிட்டிஷ் தீவு அது. ஒரு தாய், இரண்டு குழந்தைகள், போருக்குப் போய்த் திரும்பாத கணவன், எப்போதும் இழுத்து மூடிய திரைகள். முடிவை யாரும் கமெண்டில் போட்டுவிடாதீர்கள். மற்றது டெல் டோரோவின் 'டெவில்ஸ் பேக்போன்'. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில் ஓர் அனாதை விடுதி. முற்றத்தின் நடுவே வெடிக்காத குண்டு ஒன்று குத்திட்டு நிற்கிறது, பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடுகிறார்கள். பெரியவர்களுக்கான படம். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

"நம்ம ஊர்ல இல்லையா?" என்று கேட்பீர்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) பாருங்கள். பாழடைந்த ஜமீன் மாளிகை, போன ஜென்மத்துக் காதல், கிழவனாக நம்பியார். ஜமீன்தாரி ஒழிந்து பதினைந்து வருடம்கூட ஆகாத காலத்தில் வந்த படம் என்பதை மறக்காதீர்கள். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த வருடமே அவர் மலையாளத்தில் பஷீரின் கதையை வைத்து 'பார்கவி நிலையம்' இயக்கினார். வீட்டில் குடியேறும் எழுத்தாளன் பேயோடு சிநேகமாகப் பேசிக்கொண்டிருப்பான். வெள்ளைக்காரன் பேயிடம் அந்த மரியாதை கிடையாது.

கடைசியாக ஒரு சக வாத்தியார். எம்.ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜில் பழைய சுவடிகளுக்கு அட்டவணை போடுவதே வாழ்க்கையாக இருந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தானே எழுதிய பேய்க்கதையைப் படித்துக் காட்டுவாராம். 1904-ல் முதல் தொகுப்பு. அவர் கதைகளில் ஆபத்து வருவது பெரும்பாலும் எதையாவது தோண்டும் அறிஞனுக்குத்தான். வருவதும் முழுசாகத் தெரியாது. ஒரு துணி அசையும், தலையணைக்கு அடியில் கை வைத்தால் ஏதோ ஒன்று தட்டுப்படும். படித்த அன்று நான் பாத்ரூம் விளக்கை அணைக்கவில்லை. மகள் மின்கட்டணம் பற்றிப் பேசினாள்.

இந்தச் சனிக்கிழமை தம்பி வீட்டில் 'நோஸ்ஃபெராட்டு'. அவன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மௌனப்படம் என்றால் போரடிக்கும் என்று இப்போதே முகத்தைச் சுளித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே வரலாறு சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவனுடைய மனைவி குழிப்பணியாரம் சுடுகிறாராம். மங்கி குல்லாவோடு போகிறேன்.

யாரிடமாவது 'நெஞ்சம் மறப்பதில்லை' நல்ல பிரதி இருந்தால் அனுப்புங்கள். இங்கே கிடைத்ததில் சத்தம் சரியில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்